கை, கால் வலி மாதக்கணக்கில் இழுக்கிறதா? அளந்து, எழுதி, டாக்டரிடம் காட்ட ஒரு வழிகாட்டி

"இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "அப்படியேதான் சார் இருக்கு" என்போம். அவ்வளவுதான், அதே மாத்திரை, அடுத்த மாதம் வாங்க. கடலூரில் விடிகாலை பஸ் ஏறி, புதுச்சேரியில் வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல் உள்ளே போனால் நமக்குக் கிடைப்பது சில நிமிடம், அந்தச் சில நிமிடத்தில் ஒரு மாத வலியை வாயால் சொல்லிப் புரியவைப்பது யாராலும் ஆகாது.

என் அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் கை வீங்கி, பளபளவென்று சிவந்து, புடவைத் தலைப்பு பட்டாலே எரிந்தது. "எலும்பு சேர்ந்துடுச்சு, எல்லாம் சரியாயிடும்" என்பதையே பல இடத்திலும் கேட்டோம். அது சி.ஆர்.பி.எஸ். என்ற நாள்பட்ட வலி நோய் என்று தெரிய ரொம்ப நாளானது. வலியை எண்ணாக எழுதிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகுதான் டாக்டரோடு உருப்படியாகப் பேசவே முடிந்தது. அந்த எழுத்து வேலையை நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யலாம் என்பதற்காக இது. சி.ஆர்.பி.எஸ். மட்டுமல்ல, சர்க்கரையால் வரும் பாத எரிச்சல், மூட்டுத் தேய்மானம், விபத்துக்குப் பின் விடாத கால் வலி எல்லாவற்றுக்கும் இந்த முறை ஒத்துவரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலிப்பது, அதோடு மூச்சு வாங்குவது, காய்ச்சலோடு சிவந்த வீக்கம், பாதத்தில் ஆறாத புண், கை கால் சட்டென்று வலுவிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இதில் எது வந்தாலும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

1. முதலில் வலிக்குப் பெயர் வாங்குங்கள்

எந்த நோய் என்று தெரியாமல் அளந்தால் தப்பான விஷயத்தை அளந்துகொண்டிருப்போம். சி.ஆர்.பி.எஸ். என்று உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ தனியாகக் கிடையாது. டாக்டர் கேட்டும் பார்த்தும்தான் முடிவு செய்கிறார். அதற்கு 'புடாபெஸ்ட் வரையறை' என்று ஒன்று இருக்கிறது: காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி தொடர வேண்டும், தொட்டாலே வலிப்பது, நிறமோ சூடோ மாறுவது, வீக்கமோ வியர்வை மாற்றமோ, அசைவு குறைவது அல்லது முடி, நகம், தோல் மாறுவது என்ற நான்கு வகையில் மூன்றிலாவது நோயாளி சொல்லும் அறிகுறி இருக்க வேண்டும், இரண்டிலாவது டாக்டர் கண்ணால் காணும் அறிகுறி இருக்க வேண்டும், வேறு நோய் எதுவும் இதற்குக் காரணமில்லை என்றும் தெரிய வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நிறமும் சூடும் வந்து வந்து போகும். நீங்கள் டாக்டர் முன்னால் உட்காரும் நேரத்தில் கை சாதுவாக இருக்கும். அதனால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு கையையும் ஒன்றாக வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல். பாதிக்கப்பட்ட கையை மட்டும் எடுத்த படத்தால் பயனில்லை, ஒப்பிட எதுவும் இருக்காது.

வலியின் தன்மையையும் எழுதுங்கள். எரிச்சலா, குத்தலா, குடைச்சலா, ஷாக் அடித்த மாதிரி சுளீர் என்று ஓடுகிறதா, மதமதப்பா? நரம்பு சம்பந்தமான வலிக்குக் கொடுக்கும் மருந்து வேறு, மூட்டு வலிக்குக் கொடுப்பது வேறு. சும்மா "வலிக்குது" என்றால் வலி மாத்திரைதான் வரும்.

2. வலி எண்: ஒன்று போதாது, நான்கு வேண்டும்

பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் நினைத்துப் பார்க்க முடிகிற அளவில் மிக மோசமான வலி. இது எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்பது. ஆனால் ஒரே ஒரு எண் சொன்னால் அது பஸ்ஸில் இடிபட்டு வந்த அன்றைய எண்ணாகத்தான் இருக்கும். கடந்த 24 மணி நேரத்தில் அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி, இப்போது, இப்படி நான்காக எழுதுங்கள். உலகம் முழுக்கப் பயன்படும் சுருக்க வலிப் படிவத்தில் இந்த நான்கும்தான் கேட்கப்படுகின்றன.

"பத்துக்குப் பதினைந்து டாக்டர்" என்று சொல்ல வேண்டாம். கோபம் புரிகிறது, ஆனால் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் எண்ணை நம்புவதை நிறுத்திவிடுகிறார். குறைத்துச் சொல்வதும் ஆபத்துதான். நம் வீட்டு அம்மாக்கள் எட்டு வலியை "லேசா இருக்கு" என்பார்கள், அதை வீட்டில் இருப்பவர்தான் கவனித்துக் கேட்டு எழுத வேண்டும். ஆனால் நீங்களாக ஒரு எண்ணைப் போட்டுவிடாதீர்கள். வலி அவருடையது, எண்ணும் அவர் சொல்வதுதான்.

எழுதும்போது முந்தைய நாள் எண்ணை மறைத்துவிடுங்கள். பார்த்தால் கை தானாக அதையே திரும்ப எழுதும்.

3. என்ன செய்ய முடிகிறது? நோட்டின் முக்கால்வாசி இதற்குத்தான்

வலி எண் தனியாக நின்றால் ஏமாற்றும். அக்காவின் எண் ஒரு சமயம் நன்றாக இறங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். கவனித்துப் பார்த்தால் அந்தக் கையை அவர் பயன்படுத்துவதையே நிறுத்தியிருந்தார். சோற்றை இடது கையால் கிண்டுகிறார், கதவை முழங்கையால் தள்ளுகிறார், வலது கை மடியிலேயே கிடக்கிறது, வலி எப்படி வரும்? சி.ஆர்.பி.எஸ்.ஸில் இப்படிக் கையை ஒதுக்கிவைப்பதுதான் மூட்டை இறுக்கிவிடும். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். வலி ஆறிலேயே நிற்கும், ஆனால் போன மாதம் போட முடியாத ஜாக்கெட் கொக்கியை இந்த மாதம் போட்டுவிடுவார். எண்ணை மட்டும் பார்க்கிற டாக்டர் மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது.

வேலையை அளக்க மூன்று வழி சொல்கிறேன், ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எளியது, உங்களுக்கு முக்கியமான மூன்று முதல் ஐந்து வேலைகளை நீங்களே தேர்ந்தெடுப்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மார்க் போடுங்கள், இங்கே பூஜ்யம் என்றால் செய்யவே முடியவில்லை, பத்து என்றால் பழையபடி செய்கிறேன். (வலி எண்ணுக்கு இது தலைகீழ், குழம்பாமல் இருக்கத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.) அக்கா எடுத்தது அரிசி களைவது, ஜாக்கெட் கொக்கி, தேங்காய் துருவுவது, தையல் மெஷினில் துணியைப் பிடித்துத் தள்ளுவது. "வீட்டு வேலை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், அது கூடியதா குறைந்ததா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. ஒரு முறை பட்டியல் போட்டால் நடுவில் மாற்றவும் கூடாது. சராசரி இரண்டு புள்ளி உயர்ந்தால் அது நிஜமான முன்னேற்றம் என்று கணக்கு.

இரண்டாவது, கைக்கு 'குயிக்டாஷ்' படிவம். 11 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. இறுக்கமான பாட்டில் மூடியைத் திறப்பது, பையைத் தூக்குவது, தூக்கம் கெடுவது மாதிரியான கேள்விகள். குறைந்தது 10 கேள்விக்காவது பதில் வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு செல்லாது. கூட்டிய தொகையைப் பதில் எழுதிய கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 25-ஆல் பெருக்குங்கள். மொத்தம் 38 வந்தால் சுமார் 61. பிறகு 29 ஆனால் சுமார் 41. குறைந்தால் நல்லது. 15 புள்ளி அளவில் இறங்கினால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார்.

மூன்றாவது, காலுக்கு 'லெஃப்ஸ்' என்ற படிவம். 20 வேலை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. இதில் கூடினால் நல்லது, 9 புள்ளி மாறினால்தான் மாற்றம். இந்தப் படிவங்களைப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள், அவர் தமிழில் கேட்டு நிரப்பித் தருவார். நீங்களாக இஷ்டத்துக்கு மொழிபெயர்த்து நிரப்பினால் மற்ற அளவோடு ஒப்பிட முடியாமல் போகும்.

கால் வலிக்காரர்களுக்கு இன்னொன்று: கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். புதுச்சேரிக்காரர்கள் சாயங்காலம் வண்டி விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து உட்காராமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்க்கலாம். நமக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது, ஆனால் மணலில் நடந்ததையும் ரோட்டில் நடந்ததையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

4. வீக்கம், சூடு, விரல் மடக்கம்

தையல்கார டேப் ஒன்று போதும். எலும்பு மேடு மாதிரி மாறாத ஒரு இடத்திலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து, அதே இடத்தில் சுற்றளவு எடுங்கள். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். டேப்பைத் தோலில் படிய வையுங்கள், இறுக்காதீர்கள். காலையில் ஒரு நாள், ராத்திரியில் ஒரு நாள் என்று எடுத்தால் கால் வீக்கம் விஷயத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

சூட்டுக்கு, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் பல வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் 'உடம்பு' என்ற அமைப்பில் வைத்தால் கருவி தானாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டும், 'பொருள்' அல்லது 'மேற்பரப்பு' என்ற அமைப்புக்கு மாற்றிவிட்டு இரண்டு கையிலும் ஒரே இடத்தில் பிடியுங்கள். அதற்கு முன் இருபது நிமிடமாவது இரண்டு கையும் ஒரே அறையில் மூடாமல் இருக்க வேண்டும். பஸ் ஜன்னலோரம் ஒரு கை காற்றில் கிடந்து வந்த உடனே எடுத்த அளவை எழுதக் கூடாது. இரண்டுக்கும் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுதான் கவனிக்க வேண்டியது.

விரல் மடக்கத்துக்கு ஸ்கேல் போதும். கையை முடிந்த மட்டும் மூடச் சொல்லுங்கள், நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். எனக்கு இருக்கிறதிலேயே பிடித்த அளவு இதுதான். செலவில்லை, வாதத்துக்கு இடமில்லை, 4 சென்டிமீட்டர் 2 ஆனால் குழந்தைக்கும் தெரியும். பிடி வலுவை அளக்கும் கருவி பிசியோதெரபி அறையில் இருக்கும், மூன்று முறை பிடிக்கவைத்துச் சராசரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாத எரிச்சல் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு மேலும் கெட்டு மரத்துப் போனாலும் எரிச்சல் குறையும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

5. தூக்கம், மனசு, மாத்திரை

இரவில் எத்தனை முறை வலியால் விழிப்பு வந்தது, அது மட்டும் போதும் தூக்கத்துக்கு. மனநிலை பற்றிய படிவம் கொடுத்தால் பலர் "நான் என்ன பைத்தியமா?" என்று முகம் சுளிக்கிறார்கள். வலி மனப்பிரமை என்று யாரும் சொல்லவில்லை. 2017-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் நோயாளிகளும் சேர்ந்து சி.ஆர்.பி.எஸ். ஆய்வுகளுக்குக் கட்டாயம் அளக்க வேண்டியவை என்று 'காம்பாக்ட்' என்ற பட்டியல் வகுத்தபோது, வலி, நோயின் கடுமை, அன்றாட வேலை இவற்றோடு மனநிலையையும், வலியோடு சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே வைத்தார்கள். உண்மையாக நிரப்புங்கள்.

மாத்திரை ஆரம்பித்த தேதி, அளவு மாற்றிய தேதி, மயக்கம், கால் வீக்கம், மலச்சிக்கல், எடை கூடுவது எல்லாம் தேதியோடு இருக்கட்டும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின், பிரிகாபலின் வகை மாத்திரைகளை "சரியாயிடுச்சு" என்றோ "கேக்கலை" என்றோ சட்டென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கட்டு, எண்ணெய், சித்த மருந்து எது செய்தாலும் மறைக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

6. எப்போது, எத்தனை நாள்

புது சிகிச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். இதுதான் அடிப்படை அளவு. அது இல்லாவிட்டால் பிறகு எழுதும் எதற்கும் மதிப்பில்லை, முதலில் எவ்வளவு இருந்தது என்றே தெரியாதே. அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். டாக்டரைப் பார்க்கும் முந்தைய வாரம் மறுபடி தினமும். வேலை மார்க்கும் டேப் அளவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

மணிக்கு மணி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வலியையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அது இன்னும் பெரிதாகத்தான் தெரியும்.

நரம்பு வலி மருந்துகளின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள், பலன் தெரியச் சில வாரமாகும். மூன்றாம் நாள் எண்ணைப் பார்த்து டாக்டரை மாற்றாதீர்கள்.

7. எவ்வளவு குறைந்தால் குறைந்ததாகக் கணக்கு?

வலி எண்ணில் 30 சதவீதம் அல்லது இரண்டு புள்ளி குறைந்தால் அது நோயாளிக்கு உணரத்தக்க மாற்றம் என்று ஆராய்ச்சியில் எடுத்துக்கொள்கிறார்கள். 50 சதவீதம் என்றால் நல்ல முன்னேற்றம். எட்டிலிருந்து ஐந்தரைக்கு வந்தால் முதல் படி தாண்டியாயிற்று. ஏழு ஆறரை ஆனதெல்லாம் கணக்கில் வராது, தினசரி ஏற்ற இறக்கம்தான். ஒரு நாள் எண்ணை இன்னொரு நாள் எண்ணோடு ஒப்பிடாமல் ஒரு வாரச் சராசரியை இன்னொரு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: சிகிச்சை ஆரம்பித்ததிலிருந்து மொத்தத்தில் எப்படி? ரொம்ப நன்றாக ஆகியிருக்கிறது என்பதிலிருந்து ரொம்ப மோசம் வரை ஏழு படி. மற்ற எண்கள் இறங்கியும் இங்கே "மாற்றமில்லை" என்று பதில் வந்தால், உங்களுக்கு முக்கியமான எதையோ நோட்டு அளக்கவில்லை.

8. டாக்டரிடம் கொடுக்க ஒரே ஒரு பக்கம்

நோட்டு முழுவதையும் நீட்டாதீர்கள், யாரும் புரட்டமாட்டார்கள். ஒரு தாளில்: அடிபட்ட தேதி, நோயின் பெயர், இப்போது சாப்பிடும் மாத்திரை, அளவு, வலிச் சராசரி, வேலை மார்க், விரல் இடைவெளி மூன்றும் 'அன்று, இன்று' என்று இரண்டு கட்டத்தில், பக்கவிளைவு ஒரு வரி, கேட்க வேண்டிய ஒரு கேள்வி. ஜிப்மர் மாதிரி மத்திய அரசு நிறுவனத்தில் வெளிமாநிலத்திலிருந்து வந்து படிக்கும் இளம் டாக்டர்தான் முதலில் உங்களைப் பார்க்கக்கூடும், எண்ணும் தேதியும் அவருக்கும் உடனே பிடிபடும். இரண்டு நகல் எடுத்துப் போங்கள், ஒன்றை உங்கள் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள்.

9. செலவு, காகிதம், சான்றிதழ்

அளக்கிற செலவு பெரிதல்ல: நோட்டு, டேப், ஸ்கேல், நகல் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள். தெர்மாமீட்டர் புதிதாக வாங்கினால் ஆயிரத்தை ஒட்டி ஆகும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாதா மாதம் கடிப்பது மாத்திரைதான், மருந்தின் பொதுப்பெயரில் சீட்டு எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விலை கேளுங்கள்.

கடலூர், புதுச்சேரி எல்லையில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் முகவரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக்காரர்களுக்கு, அதுவும் முக்கியமாக உள்நோயாளிச் சிகிச்சைக்கு. மாதாந்திர மாத்திரைக்கு அதை நம்பிப் போகாதீர்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாட்டுத் திட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியைச் சேர்ந்த கன்னியக்கோயிலில் குடியிருந்தால் அது வராது. கடலூர் பக்கம் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கையோடு வைத்திருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று, முதல் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, அடிபட்ட அன்றும் பின்னரும் எடுத்த எக்ஸ்ரே, எல்லா ஓ.பி. சீட்டும். சாலை விபத்து என்றால் விபத்துப் பதிவேட்டின் நகல். இழப்பீட்டு வழக்கில் தேதி போட்ட உங்கள் நோட்டை வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் எழுதிய அளவுக்குத்தான் எடை அதிகம், அதனால் பிசியோதெரபிஸ்ட் எடுக்கும் ஒவ்வொரு அளவையும் சீட்டிலேயே தேதியோடு எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. அங்கே நீங்கள் சொல்லும் வலி எண் அதிகம் எடுபடாது. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை வலு, பிடி, இவற்றைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். மருத்துவக் குழு முன் போகும்போது இந்த அளவுகள் எழுதிய தாளை மேலே வையுங்கள். முன்னேற்றம் வர வாய்ப்புள்ள நிலையில் தற்காலிகச் சான்று கொடுப்பார்கள், அதன் காலாவதித் தேதியைப் பார்த்துப் புதுப்பிக்க முன்கூட்டியே கிளம்புங்கள். அசல் எக்ஸ்ரேயை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள், அவர்கள் வாங்கி வைத்தே ஆக வேண்டும் என்றால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள், அதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.